ஊருக்குப் போனாலும் பெல்ட் போடுங்க மக்களே

வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்கு ஊருக்குப் போற நம்ம ஜனங்ககிட்ட ஒரு வினோதம் பார்த்திருக்கேன். இங்க மெல்போர்ன்ல பக்கத்துத் தெரு இந்தியன் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாக்கூட பெல்ட் மாட்டாம வண்டி கிளம்பாது. குழந்தையைப் பின்சீட்டுல அதுக்குன்னு இருக்கிற நாற்காலியில உட்கார வெச்சு, பட்டையை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் சாவியைத் திருப்புவாங்க. அதே குடும்பம் கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இறங்கி வாடகைக் கார்ல ஏறினதும் எல்லாம் மாறிடும். குழந்தை முன்சீட்டுல சித்தப்பா மடிக்குப் போயிடும். பின்னாடி மூணு பேர் உட்கார வேண்டிய இடத்துல அஞ்சு பேர். பெல்ட்டோட கொக்கி சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். கேட்டா, "ஊருல எல்லாம் அப்படித்தாங்க".

ஊர்ல இருக்கிற ரோடும் லாரியும் நம்மகிட்ட "நீங்க என்.ஆர்.ஐ.யா, சரி போங்க"ன்னு சொல்லப் போறதில்லையே. அதனாலதான் இதை எழுதறேன்.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தங்கமணிக்குக் குமுளி. ரெண்டுமே கேரளா, ரெண்டுமே தமிழ் பேசற ஊர். ஆனா ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போகணும்னா வழி முக்கால்வாசி தமிழ்நாடு. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலை ஏறினா குமுளி. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒவ்வொரு லீவுக்கும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒரு முனையில நாலு வழிச்சாலையும் சமவெளியும், மறு முனையில கொண்டை ஊசி வளைவும் பள்ளமும். ரெண்டு முனையிலயும் சாவு வர்ற விதம் வேற வேற.

முதல்ல பாலக்காட்டுப் பக்கம். வாளையார் தாண்டி வடக்கஞ்சேரி வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544. மலைத்தொடர்ல சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இருக்கிற அந்தக் கணவாய் வழியா ரோடு நேரா போகும், காத்து அடிக்கும், வண்டி தானா வேகம் பிடிக்கும். 2022 அக்டோபர் 5 ராத்திரி அந்த ரோட்டுல வடக்கஞ்சேரி பக்கம் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எர்ணாகுளம் மாவட்டத்துலேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு ஊட்டிக்குப் போன டூரிஸ்ட் பஸ், முன்னாடி போன கேரள அரசு பஸ்ஸோட பின்பக்கத்துல மோதிக் கவிழ்ந்தது. மாணவர்கள் 5 பேர், ஆசிரியர் ஒருத்தர், அரசு பஸ்ல வந்த 3 பேர், ஆக 9 உயிர். டூரிஸ்ட் பஸ்ஸோட வேகம் மணிக்கு 97.7 கி.மீ.ன்னு ஜி.பி.எஸ். பதிவுல தெரிஞ்சது. அந்த டிரைவர் வேளாங்கண்ணி டிரிப் முடிச்சிட்டு வந்து ஓய்வில்லாம இதுல ஏறினவர்னு பிள்ளைகளைப் பெத்தவங்க சொன்னதா செய்திகள்ல வந்தது. வேகம், தூக்கமின்மை, ராத்திரி. இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா நேர் ரோடும் பள்ளம்தான்.

இப்ப இடுக்கிப் பக்கம். அதே 2022, டிசம்பர் 23 ராத்திரி. சபரிமலைக்குப் போயிட்டுத் திரும்பின ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களோட வண்டி, குமுளியிலேர்ந்து இறங்கற மலைப்பாதையில தடுப்பைத் தாண்டி, பெரியாறு தண்ணி லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்கற அந்த ராட்சதக் குழாய் மேல விழுந்தது. வண்டியில 10 பேர். 8 பேர் போயிட்டாங்க. வீடு இன்னும் ஒண்ணு ஒண்ணரை மணி நேரத் தூரம்தான். நாங்க ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தாண்டும்போது தங்கமணி பேச்சை நிறுத்திடுவாங்க.

அதுக்கப்புறமும் நிக்கலை. 2024 மார்ச்ல மாங்குளம் பக்கம் தமிழ்நாட்டுலேர்ந்து வந்த சுற்றுலா வேன் பள்ளத்துல விழுந்து 4 பேர், அதுல ஒரு கைக்குழந்தையும். 2025 ஜனவரி 6 அன்னிக்கு தஞ்சாவூர் பார்த்துட்டு மாவேலிக்கரைக்குத் திரும்பின கேரள அரசு பஸ் பீர்மேடு பக்கம் புல்லுப்பாறையில விழுந்து 4 பேர். அடுத்த மாசமே, பிப்ரவரி 19, மாட்டுப்பட்டியில நாகர்கோவில் காலேஜ் பிள்ளைகள் வந்த பஸ் கவிழ்ந்து 3 பேர். இந்தப் பட்டியல்ல ஒண்ணு கவனிச்சீங்களா? பெரும்பாலும் திரும்பி வர்றவங்க, சுத்திப் பார்க்க வந்தவங்க, சாமி கும்பிட்டவங்க. அதாவது நம்மள மாதிரி லீவுல இருக்கிறவங்க.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். "மலையில விழுந்தா பெல்ட் போட்டா மட்டும் பொழைச்சிடுவோமா"ன்னு எங்க பெரியப்பா ஒரு தடவை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா எல்லா விபத்தும் 500 அடிப் பள்ளம் இல்லையே. வண்டி உருளும்போது உள்ள இருக்கிறவங்க வெளிய தூக்கி எறியப்படறதும், ஒருத்தர் மேல ஒருத்தர் மோதறதும்தான் நெறைய உயிரை எடுக்குது. பெல்ட் தடுக்கறது அதைத்தான்.

சின்னக் கணக்கு ஒண்ணு. மணிக்கு 40 கி.மீ. வேகத்துல போய் சுவத்துல மோதறதும், சுமார் 6 மீட்டர் உயரத்துலேர்ந்து, அதாவது ரெண்டாவது மாடியிலேர்ந்து குதிக்கறதும் ஒண்ணு. 60 கி.மீ.ன்னா 14 மீட்டர், நாலாவது மாடிக்கும் மேல. 80 கி.மீ.ன்னா 25 மீட்டர், எட்டு மாடி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல குழந்தையை உட்கார வெப்போமா? பதறி ஓடி வந்து தூக்குவோம். 60 கி.மீ.ல போற கார்ல நிக்க வெச்சு வேடிக்கை காட்டறோம்.

"என் மடியில இருக்கு, நான் புடிச்சுக்குவேன்"னு சொல்ற அம்மாக்களுக்கு இன்னொரு கணக்கு. 50 கி.மீ. வேகத்துல போற வண்டி மோதி ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல நின்னா, 10 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த சுமார் 140 கிலோவைத் தூக்கற பலம் வேணும். 25 கிலோ அரிசி மூட்டை அஞ்சரை! எந்த அம்மாவோட பாசத்துக்கும் அவ்வளவு கை பலம் கிடையாதுங்க. பெல்ட் போடாத பெரியவங்க பின்னாடியிலேர்ந்து வந்து அந்தக் குழந்தையை நசுக்கறது தனி.

முன்சீட்டுல மடியில வெச்சா இன்னும் மோசம். 2024 செப்டம்பர் கடைசியில மலப்புரம் மாவட்டத்துல ஒரு கார் விபத்து. முன்சீட்டுல அம்மா மடியில இருந்த ரெண்டு வயசுக் குழந்தை, ஏர்பேக் விரிஞ்ச வேகத்துல முகம் அமுங்கி இறந்து போச்சு. அம்மா, அப்பா பிழைச்சுக்கிட்டாங்க. ஏர்பேக் பெல்ட் போட்ட பெரிய ஆளோட நெஞ்சுக்கும் தலைக்கும் அளவெடுத்துச் செஞ்சது. கண் இமைக்கறதுக்குள்ள விரியும். இந்தியாவுல இப்ப வர்ற புதுக் கார் எல்லாத்துலயும் முன்சீட்டு ரெண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அதனால "எங்க காலத்துல இப்படித்தானே கூட்டிட்டுப் போனோம்"ங்கிற பேச்சு இப்ப செல்லாது. அந்தக் காலத்துக் கார்ல அந்தப் பை இல்லை.

நாங்க குடியிருக்கிற இந்த விக்டோரியா மாநிலம்தான் உலகத்துலயே முதல் முதலா பெல்ட் போடறதைச் சட்டமாக்கினது, 1970 டிசம்பர்ல. மூணு முனை பெல்ட்டை வால்வோ கம்பெனியில நில்ஸ் போலின்ங்கிற இஞ்சினியர் வடிவமைச்சது 1959ல. அந்தக் காப்புரிமையை வால்வோ மத்த கம்பெனிகளுக்கும் காசு வாங்காம திறந்து விட்டுச்சு. ஆக, இது ஒண்ணும் வெள்ளைக்காரன் பொறக்கும்போதே கூடப் பொறந்த புத்தி இல்ல. இங்கயும் சட்டம் போட்டு, அபராதம் போட்டு, டி.வி.யில விளம்பரம் போட்டுத்தான் பழக்கினாங்க.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவைப் பாருங்க. பெல்ட் போடலைன்னா 1000 ரூபாய். 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லைன்னா அதுக்கும் 1000 ரூபாய். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்தான். 2022 செப்டம்பர் 4 அன்னிக்கு தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம் இறந்தாரே, அவர் இருந்தது விலை உயர்ந்த கார், பின்சீட்டு. பெல்ட் போடலை. முன்சீட்டுல இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. மத்திய அரசோட கணக்குப்படி 2022ல மட்டும் பெல்ட் போடாததால இறந்தவங்க 16,715 பேர். அதுல கிட்டத்தட்ட பாதி, 8,331 பேர், ஓட்டினவங்க இல்ல, கூட வந்தவங்க. நம்மள மாதிரி.

கேரளாவுல 2023 ஜூன் 5லேர்ந்து 726 ஏ.ஐ. கேமரா வெச்சு அபராதம் போட ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பயந்து முன்சீட்டுல எல்லாரும் பெல்ட் போடறாங்க. வேலந்தாவளம் தாண்டினதும் எங்க டிரைவர் அண்ணன், "சார், கேரளா வந்தாச்சு, பெல்ட் போட்டுக்கங்க"ன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம் தலை உடையாதான்னு மனசுல கேட்டுக்கிட்டேன் :-) குழந்தை இருக்கை விஷயத்துல 2024 அக்டோபர்ல கேரளப் போக்குவரத்துத் துறை, டிசம்பர்லேர்ந்து அபராதம்னு அறிவிச்சாங்க. ரெண்டே நாள்ல அமைச்சர், இப்போதைக்கு அபராதம் இல்லைன்னு சொல்லிட்டார். அபராதம் இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு நம்ம ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க.

வீட்டுல இதைப் பேசறதுதான் பெரிய வேலை. எங்க அம்மா, "ஏங்கண்ணு, கொழந்தைய இப்படிக் கட்டிப் போட்டுட்டு வர்றியே, அழுவாதா?"ன்னாங்க. "அழுதா அழட்டும்மா, அழறதுக்குக் கொழந்தை இருக்கோணுமில்ல"ன்னேன். அம்மா அப்புறம் பேசலை. கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லிட்டேன்னு தங்கமணி முறைச்சாங்க. ஆனா அடுத்த நாள் மீனாட்சிபுரம் கோயிலுக்குக் கிளம்பும்போது, சீட் கவருக்குள்ள கையை விட்டுக் கொக்கியைத் தேடினது அம்மாதான்.

மாமனார்கிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. முப்பது வருஷம் குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடுன்னு ஜீப் ஓட்டினவர். "மாப்ளே, இந்த மலையில ஒவ்வொரு வளைவும் என்கிட்டப் பேசும். எனக்கெதுக்கு பெல்ட்டு?"ன்னார். வாக்குவாதம் பண்ணி ஜெயிக்க முடியாதுன்னு தெரியும். அதனால, "மாமா, நீங்க எனக்கு மலை இறங்கச் சொல்லிக் குடுங்க, பதிலுக்கு நீங்க பெல்ட் போடுங்க"ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவர் சொல்லிக் குடுத்ததை அப்படியே தர்றேன். இங்க எந்த டிரைவிங் ஸ்கூல்லயும் இவ்வளவு தெளிவா கேட்டதில்லை.

"ஏறுன கியர்லயே இறங்கணும் மாப்ளே. ரெண்டாவதுல ஏறுன எடத்தை ரெண்டாவதுலதான் இறங்கணும். வண்டிய எஞ்சின் புடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டு அமுக்கணும். கீழ வரைக்கும் அமுக்கிக்கிட்டே வந்தா பிரேக் காய்ஞ்சு போயி பேச்சு கேக்காது. நியூட்ரல்ல இறங்குறவன் பெட்ரோல மிச்சம் புடிச்சு ஆஸ்பத்திரில குடுப்பான்."

எஞ்சினை அணைச்சிட்டு இறங்கறவங்களும் இருக்காங்க. அணைச்சா பவர் ஸ்டீயரிங் கல்லா இறுகிடும், பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் ரெண்டு மூணு மிதியில தீர்ந்திடும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர் லிவர்ல 'எல்' இருக்கும், இல்லைன்னா மேனுவல் முறை இருக்கும், இறக்கத்துல அதைப் பயன்படுத்துங்க. குறுகலான மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் இறங்கற வண்டி வழி விடணும், இது மரியாதை மட்டுமில்ல, விதி. மூடுபனி இருந்தா ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணையே கூசும். வளைவுல ஹாரன் அடிங்க. போடிமெட்டுக்குப் போனீங்கன்னா 17 கொண்டை ஊசி வளைவு, மறுபடி மறுபடி பழகிக்கலாம்.

ஒப்பந்தப்படி மாமா பெல்ட் போட்டார். கம்பம் போற வரைக்கும் "நெஞ்ச அறுக்குது"ன்னு முனகிக்கிட்டே வந்தார். அது வேற விஷயம்.

அவர் சொன்ன இன்னொண்ணு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருச்சு. "மாப்ளே, நம்ம கார்ல நாலு பேரு, நாலு பெல்ட்டு. விடியக்காலம் கம்பத்துலயும் போடியிலயும் நின்னு பாருங்க." நின்னு பார்த்தேன். தேனி மாவட்டத்துலேர்ந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் வேலைக்குப் போற பெண்கள். தூக்குவாளியோட, தலையில துண்டு கட்டிக்கிட்டு, ஒரே ஜீப்ல பதினஞ்சு பேருக்கும் மேல. பின்னாடி தொங்கிக்கிட்டு ரெண்டு பேர். தங்கமணியோட ஒண்ணுவிட்ட சித்தி அதுல ஒருத்தங்க. "ஏன் சித்தி இப்படிப் போறீங்க?"ன்னு கேட்டதுக்கு, "கம்மியா ஏத்துனா ஜீப்புக்காரனுக்குக் கட்டாதுப்பா. இந்த ஜீப்ப விட்டா அன்னிக்குச் சம்பளம் இல்ல"ன்னாங்க. ஜீப் டிரைவருக்கும் அவசரம், ஒரு நடை இறக்கி விட்டா அடுத்த நடை. அவங்ககிட்ட போய் நான் பெல்ட் கணக்கு சொல்ல முடியுமா? விபத்து நடந்தா நாலு நாள் சோதனை நடக்கும், அப்புறம் பழையபடி. நம்ம வீட்டு டீயில போடற ஏலக்காய் அந்த ஜீப்ல ஏறிப் போன கையாலதான் வருது. தோட்டக்காரங்க செலவுல போதுமான வண்டி விட்டாத்தான் இது தீரும். நமக்குத் தோட்டக்காரங்க யாராவது சொந்தமோ சிநேகமோ இருந்தா கேக்கலாம், கேக்கணும். அந்த ஊர்க்காரங்க இங்கயும் நெறைய பேர் இருக்கீங்க.

இனி அடுத்த லீவுக்குப் போறவங்களுக்கு, அனுபவத்துல சேர்த்து வெச்ச சில விஷயம்:

1. வாடகைக் கார் பேசும்போதே "பின்னாடி பெல்ட் வேலை செய்யணும், கொக்கி வெளிய இருக்கணும்"னு சொல்லிடுங்க. நான் போன தடவை ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினேன். வாயில முணுமுணுத்தாங்க, வேற வண்டி வந்துச்சு.

2. மஞ்சள் போர்டு வண்டியே எடுங்க. தெரிஞ்சவர் வெள்ளை போர்டுன்னு கொஞ்சம் காசு மிச்சம் பண்ணினா, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்ல வம்பு வரும்.

3. குழந்தை நாற்காலியை இங்கேருந்து தூக்கிட்டுப் போறதைவிட அங்கேயே ஒண்ணு வாங்கி பாட்டி வீட்டுல வெச்சிடலாம். ஆஸ்திரேலிய நாற்காலிக்குப் பின்னாடி மேல ஒரு பட்டையைக் கொக்கியில மாட்டியே ஆகணும், வாடகைக் கார்ல அந்தக் கொக்கி இருக்குங்கிற நிச்சயம் இல்லை. கார் பெல்ட்டாலயே கட்டற மாதிரி வாங்குங்க. கொஞ்சம் பெரிய குழந்தைன்னா பூஸ்டர் போதும். பட்டை கழுத்துல படாம தோள்லயும், வயித்துல படாம இடுப்பு எலும்புலயும் உட்காரணும், அதுக்குத்தான் அது.

4. கர்ப்பிணிகளும் பெல்ட் போடணும். கீழ்ப்பட்டை வயித்துக்குக் கீழ, மேல்பட்டை மார்புக்கு நடுவுல.

5. ராத்திரிப் பயணம் வேண்டாம். "நைட்ல ரோடு ஃப்ரீயா இருக்கும் சார்"னு டிரைவர் சொல்வார். விடியக்காலம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ள மனுஷ உடம்பு தூங்கத்தான் பார்க்கும். நாம விமானத்துல தூங்கிட்டு வந்திருப்போம், அவர் முந்தின நாள் எத்தனை டிரிப் அடிச்சாரோ. கிளம்பறதுக்கு முன்னாடி "அண்ணே, நேத்து எப்ப தூங்கினீங்க?"ன்னு கேளுங்க. தங்கற இடத்துல அவருக்கும் ஒரு ரூம் போடுங்க. அவரைக் கார்லயே தூங்க விட்டுட்டு, மறுநாள் நம்ம குடும்பத்தோட உயிரை அவர் கையில குடுக்கறது எந்த ஊர் நியாயம்?

6. பெல்ட் போடாம மணி அடிக்கிறதை நிறுத்த ஒரு போலிக் கொக்கி விக்கிறாங்க. 2023 மேல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் கடைகளை அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனாலும் பல வண்டியில இருக்கு. பார்த்தா கழட்டச் சொல்லுங்க.

7. விபத்தைப் பார்த்தா நிறுத்தி உதவுங்க. 108 ரெண்டு மாநிலத்துலயும் வரும். உதவறவங்களைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2016ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019 திருத்தத்துல 134ஏன்னு சட்டமாவே வந்திருச்சு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா, எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல இலவசம், 2021 டிசம்பர்லேர்ந்து. குமுளி மலைப்பாதையில இது உயிர் காக்கிற தகவல்.

ஊருக்குப் போய் "ஆஸ்திரேலியாவுல எல்லாம்"னு ஆரம்பிச்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பேசாம நாம முதல்ல மாட்டிக்கிட்டு, எல்லாரும் மாட்டற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம்னு டிரைவர்கிட்டச் சொல்லிட்டு உட்கார்ந்தா, ரெண்டு நிமிஷத்துல மாட்டிடறாங்க. சொந்தக்காரங்க நாலு நாள் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே. அடுத்த வருஷமும் இருந்து கிண்டல் பண்ணட்டும்.

உங்க வீட்டுல பெரியவங்களை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்கன்னு சொல்லுங்க. என் பெரியப்பா இன்னும் பாக்கி இருக்கார்.